கால்நடைகளின் நாட்டில் கால்நடையாக

கென்யாவின் தெற்குப் பகுதியும் தான்சானியாவின் வடக்குப் பகுதியும் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். புல்வெளி, எரிமலை மேடு, உப்பு ஏரி, முள்காடு எல்லாம் கலந்த பரந்த நாடு அது. அதன் பெரும்பகுதிக்குத் தார்ச்சாலை கிடையாது. பல இடங்களுக்கு ஜீப்பும் போகாது. மாடு போன தடம்தான் வழி. கூடாரத்தையும் உணவுப் பொருளையும் கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு, உள்ளூர் மாசாய் வழிகாட்டியின் பின்னால் அந்தத் தடங்களில் மூன்று நாள் முதல் ஒரு வாரம்வரை நடந்து போகும் பயணமே நடைச் சஃபாரி.

தமிழில் ‘கால்நடை’ என்ற சொல் ஆடுமாட்டையும் குறிக்கும், காலால் நடந்து போவதையும் குறிக்கும். மாசாய் நாட்டில் இந்த இரண்டு பொருளையும் பிரிக்க முடியாது. மாடு மழையைத் தேடிப் போகிறது, மனிதர் மாட்டின் பின்னால் போகிறார். இன்று பயணிகள் நடக்கும் பாதைகள் எதையும் சுற்றுலாத் துறை வெட்டவில்லை. கோடையில் மேட்டுக்கும் மழைக்காலத்தில் சமவெளிக்கும் மந்தைகளை ஓட்டிப் போன தலைமுறைகள் போட்ட பாதைகள் அவை.

‘சஃபாரி’ சுவாஹிலிச் சொல், அரபியிலிருந்து வந்தது. அதற்குப் பயணம் என்றுதான் பொருள். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போன வணிகக் கூட்டங்கள் சுமையாட்களுடன் நடந்தே போயின. 1883-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜோசஃப் தாம்சன் மாசாய் நாட்டைக் கடந்ததும் நடந்துதான். மோட்டார் வாகனம் வந்த பிறகே சஃபாரி என்றால் வண்டிக்குள் உட்கார்ந்து விலங்கு பார்ப்பது என்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இன்றைய ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் நார்மன் கார் என்பவர் விருந்தினர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய், நடைப் பயணத்தை மறுபடி தொடங்கிவைத்தார். அந்த வழக்கம் பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் பரவியது.

நினைத்த இடத்திலெல்லாம் நடந்துவிட முடியாது. கென்யாவின் புகழ்பெற்ற மாசாய் மாரா தேசியக் காப்பகத்துக்குள் வண்டியை விட்டு இறங்கி நடக்க அனுமதியில்லை. அதைச் சுற்றியுள்ள மாசாய் குடும்பங்களின் சொந்த நிலங்களில், ‘கன்சர்வன்சி’ எனப்படும் சமூகக் காப்பிடங்களில் நடக்கலாம். தான்சானியாவில் கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் மேட்டு நிலங்களில் நடக்கலாம்; அங்கே அரசின் துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர் கட்டாயம் உடன் வருவார். ஆக, மக்கள் குடியிருக்கும் இடத்தில்தான் நடை சாத்தியம். மக்களை வெளியேற்றிய பூங்காக்களில் பெரும்பாலும் வண்டிப் பயணம்தான். மாசாய் நாட்டின் நூறாண்டு வரலாறு இந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது.

இழந்த நிலம்

1890-களில் மாசாய் மக்கள்மேல் அடுத்தடுத்துப் பேரிடிகள் விழுந்தன. மாட்டுக் கொள்ளைநோய் மந்தைகளை அழித்தது, பெரியம்மை மனிதரைக் கொன்றது, மழையும் பொய்த்தது. மாசாய் மொழியில் அந்தக் காலத்துக்கு ‘எமுதாய்’, அதாவது அழிவு என்று பெயர். 1892-இல் கொரோங்கோரோவுக்கு வந்த ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பவுமன், எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களைக் கண்டு எழுதிவைத்தார்.

மக்கள் தொகையும் மந்தையும் குறைந்திருந்த அந்த நேரத்தில் ஆங்கில ஆட்சி நிலத்தைக் கேட்டது. 1904-இல் ஒலோனானா என்ற சமயத் தலைவரும் மற்றவர்களும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். பிளவுப் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போனது. மாசாய்களுக்கு வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு ஒதுக்கிடங்கள் கிடைத்தன. மாசாய் இனம் உள்ளவரை அந்த ஒப்பந்தம் செல்லும் என்று எழுதப்பட்டிருந்தது. ஏழே ஆண்டில், 1911-இல், வடக்கு ஒதுக்கிடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். அந்த லைக்கிப்பியா ஒதுக்கிடத்திலிருந்து குடும்பங்கள் மந்தைகளோடு தெற்கே நடந்தன. வழியில் மாடுகளும் மனிதர்களும் செத்தார்கள். மாசாய்கள் நீதிமன்றம் போனார்கள். இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1913-இல் நீதிபதிகள் வழக்கைத் தள்ளினார்கள். ஒப்பந்தம் போடும்போது மட்டும் தனி அரசாகவும், நீதி கேட்கும்போது ஆளப்படும் மக்களாகவும் அவர்கள் நடத்தப்பட்டார்கள். அப்பட்டமான அநீதி அது.

தான்சானியாவில் இதே கதை வனவிலங்கின் பெயரால் நடந்தது. செரங்கெட்டி என்ற பெயரே முடிவில்லாச் சமவெளி என்ற பொருளில் மாசாய்கள் வைத்தது. 1951-இல் அங்கே தேசியப் பூங்கா வந்தது. 1959-இல் மாசாய்கள் அதை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு ஈடாக, சுமார் 8,300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி உருவானது. மேய்ப்பரும் விலங்கும் சேர்ந்து வாழும் நிலம் என்று சட்டமே சொன்ன இடம் அது. ஆனால் 1970-களில் அதற்குள் இருக்கும் பெரிய எரிமலைவாயின் தரையில் குடியிருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள். 2022-இல் தொடங்கி, அந்தப் பகுதி மக்களைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சோமேரா என்ற ஊருக்குக் குடிபெயர்க்கும் திட்டம் நடக்கிறது. மக்கள் பெருகிவிட்டார்கள், இயற்கை தாங்காது என்கிறது அரசு. விருப்பத்தின் பேரில்தான் போகிறார்கள் என்றும் சொல்கிறது. மருத்துவமனையையும் பள்ளியையும் தேயவிட்டு எங்களைப் போகவைக்கிறார்கள் என்பது மக்களின் குற்றச்சாட்டு. 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் செரங்கெட்டி சாலையில் திரண்டு போராடினார்கள்.

நடைப் பயணி கடக்கும் ஊர்கள் இந்த வழக்குக்குள் நிற்கும் ஊர்கள்.

மேட்டிலிருந்து உப்பு ஏரிக்கு

தான்சானியாவில் பெயர் பெற்ற நடைப்பாதை கொரோங்கோரோ மேட்டிலிருந்து நேட்ரான் ஏரிக்கு இறங்குவது. நைனோகனோகா என்ற ஊர்தான் வழக்கமான தொடக்கம். அருகே ஒல்மோதி எரிமலைவாய். மாசாய் மொழியில் ஒல்மோதி என்றால் சமையல் பானை. அதிலிருந்து வழியும் முங்கே ஆறு அருவியாக விழுந்து, கொரோங்கோரோவின் பெரிய கிண்ணத்துக்குள் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து புலாத்தி வழியாகத் திறந்த புல்வெளி. மேட்டில் காலைக் குளிர் கடுமையானது. பனி மூடிய புல்லில் மாட்டு மணிச் சத்தம்தான் முதலில் கேட்கும், மாடு பிறகுதான் தெரியும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எம்பகாய். சுமார் 6 கிலோமீட்டர் அகலமுள்ள எரிமலைக் கிண்ணம், உள்ளே காடு போர்த்திய சரிவு, அடியில் உவர்நீர் ஏரி, ஏரிக்கரையில் பூநாரைகள். சரிவில் இறங்கி ஏறுவதற்கு அரை நாள் பிடிக்கும். விளிம்பில் நின்றால், வானம் தெளிந்த நாளில், வடகிழக்கே ஒற்றைக் கூம்பாக ஒல் தொய்ன்யோ லெங்காய் தெரியும். பெயரின் பொருள் கடவுளின் மலை. என்காய் என்னும் கடவுள் அங்கே குடியிருப்பதாக மாசாய் நம்பிக்கை. மழை வேண்டியும் பிள்ளை வேண்டியும் அங்கே வழிபடப் போகிறார்கள். 2,962 மீட்டர் உயரமுள்ள அந்த மலை நிலவியலிலும் தனித்தது. நேட்ரோகார்பனடைட் என்ற சோடா நிறைந்த குழம்பைக் கக்கும் எரிமலை இன்று உலகில் இது ஒன்றுதான். மற்ற எரிமலைக் குழம்பைவிட அதன் வெப்பம் ஏறக்குறைய பாதி. கருப்பாக ஓடும், காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். 2007-இல் பெரிதாகச் சீறியபோது சாம்பல் மேய்ச்சல் நிலத்தில் படிந்து, கீழே இருந்த ஊர்கள் மந்தையோடு விலகிப் போக வேண்டியிருந்தது. மலையில் ஏற விரும்புவோர் நள்ளிரவில் தொடங்கி விடியலில் உச்சி சேர்கிறார்கள், பகல் வெயிலில் அந்தச் சரிவு தாங்காது என்பதால்.

நையோபி ஊரைத் தாண்டினால் இறக்கம். குளிர்ந்த மேட்டிலிருந்து கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள பள்ளத்தாக்குத் தரைக்கு வந்துசேரும்போது, கம்பளி போர்த்தியவர்கள் நிழல் தேடுவார்கள். தரையில் ங்காரே செரோ என்னும் ஊர், அதன் வடக்கே நேட்ரான் ஏரி. தோலை அரிக்கும் காரநீர். வேறு விலங்குகள் நெருங்கத் தயங்கும் அந்தச் சேற்றில்தான் கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு பூநாரைகள் கூடு கட்டுகின்றன. முறையாக அவை குஞ்சு பொரிக்கும் இடம் அந்த வட்டாரத்தில் வேறில்லை. இந்த ஏரியில் சோடா ஆலை அமைக்க வந்த திட்டம் ஒன்று கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2008-இல் நின்றுபோனது.

ஏரிக்கரையில் இன்னொரு அரிய காட்சி. இறுகிய எரிமலைச் சாம்பலில் 400-க்கும் மேற்பட்ட மனிதக் காலடிகள். முதலில் கண்டவர் உள்ளூர் மாசாய் ஒருவர். ஆய்வாளர்களின் கணக்கில் அவற்றின் வயது 19,100 ஆண்டுக்கு மேற்படாது, 5,760 ஆண்டுக்குக் குறையாது. அவற்றுள் 17 பேர் ஒன்றாக ஒரே திசையில் நடந்த தடம் இருக்கிறது. அளவை வைத்துப் பார்த்தால் 14 பேர் பெண்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. உணவு சேகரிக்கப் போன பெண்கள் கூட்டமாக இருக்கலாம். இதே கொரோங்கோரோ பகுதியின் லேட்டோலியில் 1978-இல் ஆய்வாளர் மேரி லீக்கியின் குழுவினர் கண்ட காலடிகளோ 36 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை. நம் இனம் தோன்றுவதற்கு முன் இரு காலில் நடந்தவர்களுடையவை. அக்கம்பக்கத்து ஆய்வுக்களமான ஓல்டுவாயின் பெயரும் மாசாய் சொல்லின் திரிபு. ‘ஓல்டுபாய்’ என்பது அங்கே மண்டிக் கிடக்கும், நம் ஊர் மருள் செடியின் இனம்.

தொலைந்த பிள்ளையின் காடு

கென்யாவில் இதற்கு நிகரான நடை லோய்த்தா குன்றுகளில் கிடைக்கிறது. மாரா காப்பகத்துக்குக் கிழக்கே, நாரோக் மாவட்டத்தில் உயர்ந்து நிற்கும் பகுதி. அங்குள்ள அடர்காட்டின் பெயர் நைமினா என்கியோ, தொலைந்த பிள்ளையின் காடு. கன்று மேய்க்கப் போன சிறுமி ஒருத்தி காட்டுக்குள் வழி தவறினாள். கன்றுகள் வீடு திரும்பின, அவள் திரும்பவில்லை என்பது கதை. சடங்குகளும் மருந்துச் செடி பறித்தலும் நடக்கும் புனிதக் காடு அது. ‘லைபோன்’ எனப்படும் சமயத் தலைவர்களின் குடும்பங்கள் அதையொட்டி வாழ்கின்றன. 1990-களில் மாவட்ட மன்றம் இந்தக் காட்டைச் சுற்றுலாக் காப்பகமாக்கத் திட்டமிட்டபோது லோய்த்தா மக்கள் எதிர்த்து நின்றார்கள். காடு இன்றும் அவர்கள் கையில்.

மேட்டுக் காட்டிலிருந்து ங்குருமன் செங்குத்துச் சரிவு வழியாகப் பிளவுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் நடை மூன்று, நான்கு நாள். ஈரமும் பாசியும் நிறைந்த மரநிழல் மெல்ல மாறி, கீழே வெடித்த மண்ணும் வேலமரமும் வரும். அடிவாரத்தில் ஒல்கிரமாத்தியன், ஷொம்போலே என்னும் மாசாய் கூட்டு நிலங்கள். அங்கே ஊர்ப் பெரியவர்கள் புல்லைப் பங்கிடும் முறை கற்க வேண்டிய ஒன்று. ஒரு பகுதியை மழைக்காலத்தில் மேய்ச்சலுக்கு மூடிவைக்கிறார்கள். கோடை முற்றும்போது அதைத் திறக்கிறார்கள். மூடியிருக்கும் மாதங்களில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் அங்கே சேர, சிங்கமும் பின்தொடர்கிறது. மாட்டுக்காகச் சேமித்த புல்லே காட்டு விலங்கையும் காக்கிறது. வேலி கிடையாது.

முன்னால் நடப்பவர்

ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிலோமீட்டர். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறும் முன் பாதி தூரத்தைக் கடந்துவிட வேண்டும். வரிசையாக, பேச்சைக் குறைத்து, வழிகாட்டியின் தடத்திலேயே நடக்க வேண்டும். அவர் கையில் ஈட்டியோ ‘ருங்கு’ எனப்படும் குண்டாந்தடியோ இருக்கும். ஆயுதத்தைவிட அவருடைய கண்ணும் காதும்தான் காப்பு.

காட்டில் முதல் விதி காற்றுத் திசை. ஒரு பிடி மண்ணை உதிரவிட்டுப் பார்ப்பார். மனித வாடை விலங்குக்கு எட்டாத பக்கமாகக் கூட்டத்தைத் திருப்புவார். புதரிலிருந்து உண்ணிக்கொத்திப் பறவைகள் சடாரென்று கத்திக்கொண்டு எழுந்தால், அவை உட்கார்ந்திருந்த முதுகு அருகில்தான் இருக்கிறது, பெரும்பாலும் காட்டெருமை. நடப்பவர்களுக்கு மிகுந்த ஆபத்து சிங்கத்தால் இல்லை. தனித்துத் திரியும் கிழட்டுக் காட்டெருமையும், குட்டியோடு நிற்கும் யானையும், தண்ணீருக்குப் போகும் வழி மறிக்கப்பட்ட நீர்யானையும்தான் ஆபத்தானவை. எது எதிரே வந்தாலும் ஓடக்கூடாது.

யானைக்கும் மாசாய்க்கும் உள்ள உறவை, கென்யாவின் அம்போசெலியில் நடந்த ஆய்வுகள் துல்லியமாகக் காட்டின. 2007-இல் வெளிவந்த ஆய்வில், மாசாய் ஆண் உடுத்திய துணியின் வாடைக்கு யானைகள் விலகி ஓடின. கம்பா என்னும் உழவர் இனத்தார் உடுத்திய துணிக்கு அவ்வளவு அஞ்சவில்லை. ஈட்டி எறியும் இனம் எது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. 2014-இல் வந்த ஆய்வோ, குரலைக் கேட்டே மாசாய் ஆணையும் பெண்ணையும் சிறுவனையும் யானை பிரித்தறிகிறது என்றது. வழிகாட்டி யானையை அறிந்த அளவுக்கு யானையும் வழிகாட்டியை அறியும்.

செடிகொடியைக் காட்டிக்கொண்டே போவது நடையின் பாதி இன்பம். காட்டு ஒலிவ மரத்தின் தணல்குச்சியால் பால் குடுக்கையின் உட்புறத்தைத் தேய்ப்பார்கள்; பால் கெடாது, புகை மணம் ஏறும். பல் துலக்க ஒடிக்கும் குச்சிகளுள் ஒன்று உகாய் மரத்தினுடையது. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் அதே மரம். விசில் வேலமரத்தின் முட்களுக்கு அடியில் உருண்டையான புடைப்புகள். உள்ளே எறும்புகள் குடியிருந்து, கிளையை மேய வரும் விலங்கைக் கடித்து விரட்டும். காலியான உருண்டையின் துளையில் காற்று புகுந்தால் மரம் விசிலடிக்கும். தேன்காட்டிப் பறவை கத்திக்கத்தி மனிதரைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போவதும் கதையல்ல, நேரில் காணக்கூடியது.

இந்த அறிவு மேய்ச்சலில் வந்தது. ஏழெட்டு வயதில் கன்று மேய்க்கப் போகும் பையன், விலங்கின் தடத்தைப் படிக்கக் கற்காவிட்டால் கன்று மிஞ்சாது. இப்போது அதற்கு மேல் முறையான பயிற்சியும் உண்டு. கென்யாவில் வழிகாட்டிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வுப் படிகள் வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். சிங்கத்தை வேட்டையாடிப் பேர் வாங்கிய மொரான்கள், அதாவது இளம் வீரர்கள், 2007-இல் அம்போசெலியில் தொடங்கிய ‘லயன் கார்டியன்ஸ்’ அமைப்பில் அதே சிங்கத்தைப் பின்தொடர்ந்து காக்கும் வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். சிங்கத்தின் இருப்பிடத்தை முன்கூட்டியே மேய்ப்பர்களுக்குச் சொல்லி மாட்டைக் காப்பதும் அவர்கள் வேலை.

பட்டியில் விருந்தாளி

மாலையில் கூடாரம் பெரும்பாலும் ஒரு ‘எங்காங்’ அருகே இறங்கும். முள்வேலி வளையத்துக்குள் மாட்டுப் பட்டி, அதைச் சுற்றித் தாழ்ந்த வீடுகள். குச்சியும் மண்ணும் சாணமும் கொண்டு வீட்டைக் கட்டுவது பெண்களின் வேலை. அந்தி சாயும்போது மந்தை உள்ளே வர, வாசலை முள்ளால் அடைத்துவிடுவார்கள். இரவில் கழுதைப்புலியின் ஊளை வெளியே கேட்கும். ‘சோபா’ என்று வணக்கம் சொன்னால் ‘இபா’ என்று பதில் வரும். பிள்ளைகள் தலையைக் குனிந்து பெரியவர் முன் நிற்பார்கள். அவர்கள் உச்சியில் கை வைப்பதே ஆசி. பெண்களையோ பிள்ளைகளையோ கேட்காமல் படமெடுப்பது மரியாதைக் கேடு.

இங்கே பழமையை மட்டும் தேடுபவர் ஏமாறுவார். சிவப்புச் ‘ஷூக்கா’ போர்த்திய மேய்ப்பரின் இடுப்பில் கைப்பேசி இருக்கும். 2007-இல் வந்த எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவையில் மாடு விற்ற பணம் வரும். பாலுக்குப் பக்கத்தில் மக்காச்சோளக் களி இருக்கும். மொரான் பருவத்தைத் தொடங்கி முடிக்கும் என்கிபாட்டா, எயுனோட்டோ, ஒல்ங்கெஷெர் சடங்குகளை 2018-இல் யுனெஸ்கோ உடனடிக் காப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பள்ளிப் படிப்பும் நிலக் கூறுபாடும் அந்தச் சடங்குகளின் கால அளவைச் சுருக்கிவிட்டன.

பணம் யாருக்கு

மாரா சுற்றுவட்டாரத்தில் கூட்டு நிலங்கள் குடும்பங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டபோது, வேலி விழுந்து மேய்ச்சலும் விலங்கு நடமாட்டமும் அறுபடும் அபாயம் வந்தது. அதற்கு விடையாக 2005-ஐ ஒட்டிக் காப்பிடங்கள் தோன்றின. பக்கத்துப் பக்கத்து நில உரிமையாளர்கள் நிலத்தைச் சேர்த்து சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகை விடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் வருகிறது, வேலியும் விழுவதில்லை. நபோய்ஷோ காப்பிடத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட மாசாய் நில உரிமையாளர்கள். 2013-இல் கென்யாவின் வனவிலங்குச் சட்டம் இத்தகைய காப்பிடங்களுக்கு அங்கீகாரம் தந்தது. குறையும் உண்டு. பத்திரம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் என்பதால் குத்தகைப் பணமும் அவர்கள் கைக்கே போகிறது. 2020-இல் கொரோனா வந்து விருந்தினர் வரத்து நின்றதும் குத்தகையும் ஆட்டங்கண்டது. ஆனாலும், மக்களை வெளியேற்றி விலங்கைக் காக்கும் வழியைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஜூன் முதல் அக்டோபர்வரை நடைக்கு ஏற்ற காலம். ஜனவரி, பிப்ரவரியும் நல்லது. மார்ச் முதல் மே வரை பெருமழை. கென்யா போய்த் திரும்பும் இந்தியர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள்.

முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது இரண்டு: நடக்கப்போகும் நிலம் யாருடையது, முன்னால் நடப்பவர் எந்த ஊர்க்காரர். இந்த இரண்டுக்கும் ஊர்ப் பெயரோடு பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்ட வேண்டாம்.